மண் விழுங்கிய மகிழுந்துகள்

2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பௌலிங் கிரீன் நகரம் இன்னும் துயிலெழவில்லை. காலை மணி ஆறுகூட ஆகாத அவ்வேளையில், அங்குள்ள தேசிய கோர்வெட் அருங்காட்சியகத்தின் அசைவுணர் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின. திருடர்கள் புகுந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும் நேரம் அது. ஆனால், கூடத்தில் எவரும் இல்லை. காட்சிக் கூடத்தின் தரையும் இல்லை. ஏறக்குறைய 12 மீட்டர் அகலத்தில் பூமி வாய் பிளந்திருந்தது. அங்கு அழகாக அணிவகுத்து நின்ற மகிழுந்துகளுள் எட்டு அந்தப் பள்ளத்திற்குள் சரிந்து விழுந்திருந்தன.

நல்வேளையாக, அருங்காட்சியகம் திறப்பதற்கு முன்பே இது நடந்ததால் எவருக்கும் காயம் ஏற்படவில்லை. எனினும், விழுந்தவை சாதாரண வாகனங்கள் அல்ல. 1962-இல் தயாரிக்கப்பட்ட கறுப்பு நிறக் கோர்வெட், 1992-இல் தயாரிக்கப்பட்ட பத்து இலட்சமாவது கோர்வெட், 2009-இல் தயாரிக்கப்பட்ட பதினைந்து இலட்சமாவது கோர்வெட் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். பணம் கொடுத்து வேறொன்று வாங்கி அவற்றின் இடத்தில் நிறுத்த இயலாது. அவற்றை மீட்டுச் சீரமைக்க முடியுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே எழுந்தது: முடியும் என்றாலும், சீரமைக்கத்தான் வேண்டுமா?

நீர் செய்த வேலை

தரை திடீரென உடைந்ததாகத் தோன்றினாலும், அதற்கான காரணம் பல்லாயிரம் ஆண்டுகளாக உருவாகி வந்தது. பௌலிங் கிரீன் நகரம் சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்துள்ளது. உலகின் மிக நீளமான குகைத் தொடராகக் கருதப்படும் மாமத் குகையும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் பாறை இடுக்குகளில் கசிந்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. காலப்போக்கில் நிலத்தடியில் வெற்றிடம் உண்டாகிறது. அதன் மேற்கூரை தன்மேல் உள்ள எடையைத் தாங்க இயலாத நாளில் நிலம் உள்வாங்குகிறது. இதனையே புதைகுழி என்கிறோம்.

மேலே பளபளக்கும் தரை. கீழே எவரும் அறியாத வெற்றிடம். பழைய மகிழுந்துகளைச் சீரமைக்கும் கைவினைஞர்களுக்கு இந்நிலை புதிதன்று. அவர்கள் நாள்தோறும் இதே சிக்கலைத்தான் சிறிய அளவில் எதிர்கொள்கிறார்கள். வெளியே மின்னும் வண்ணப்பூச்சுக்கு அடியில் நீர் என்ன செய்திருக்கிறது என்பதைக் கண்டறிவதே அவர்களின் முதல் வேலையாகும்.

எஃகுக்கு ஒரு மாற்று

செவ்ரோலே நிறுவனத்தின் கோர்வெட் 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா விடுதியில் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் தயாரிப்பு தொடங்கியது. அவ்வாண்டு 300 மகிழுந்துகள் மட்டுமே உருவாயின. அனைத்தும் வெள்ளை நிற உடலும் சிவப்பு நிற உட்புறமும் கொண்டவை.

அக்காலத்து மகிழுந்துகளின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனது. எஃகுத் தகட்டை வளைக்க, மிகப் பெரிய அச்சுகள் தேவை. அவற்றைச் செய்ய நீண்ட காலமும் பெரும் பொருட்செலவும் பிடிக்கும். இலட்சக்கணக்கில் விற்கும் வாகனத்திற்கு அச்செலவு கட்டுபடியாகும். சில நூறு வாகனங்களுக்குக் கட்டுபடியாகாது. எனவே, கோர்வெட்டின் பொறியியலாளர்கள் கண்ணாடி இழையைத் தேர்ந்தெடுத்தனர்.

கண்ணாடியை உருக்கி, முடியைவிட மெல்லிய இழைகளாக இழுக்கலாம். அவ்விழைகள் இழுவிசையை நன்கு தாங்கும். ஆனால், துணியைப் போலத் துவளும். பிசின் கெட்டியானால் தன் வடிவத்தை விடாது. ஆனால், தனித்து நின்றால் எளிதில் நொறுங்கும். இழையைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்துச் சுவர் எழுப்பியவர்கள் அறிந்திருந்த அதே உண்மைதான் இது. இவ்வாறு கிடைக்கும் பொருள் எடை குறைந்தது. விரும்பிய வளைவுகளைப் பெறக்கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, துருப்பிடிக்காதது.

துருப்பிடிக்காத உடல், துருப்பிடிக்கும் எலும்பு

‘துருப்பிடிக்காத மகிழுந்து’ என்ற பெயர் கோர்வெட்டுக்கு எளிதில் கிடைத்தது. ஆனால், அப்பெயர் பாதி உண்மையே ஆகும். வெளியில் தெரியும் உடல் மட்டுமே கண்ணாடி இழையால் ஆனது. அதனைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகால் ஆனது. மேலும், 1963 முதல் 1982 வரை வெளிவந்த கோர்வெட்டுகளில், முன்கண்ணாடியையும் கதவுகளையும் சுற்றி ஓர் எஃகுக் கூடு உடலுக்குள் மறைந்திருக்கிறது. அதன் தோற்றத்தைக் கொண்டு பணிமனைகளில் அதனைப் ‘பறவைக் கூண்டு’ என்று அழைக்கிறார்கள். கண்ணாடி இழைப் பலகைகள் அக்கூண்டின்மீது பசையாலும் தறையாணிகளாலும் பொருத்தப்பட்டுள்ளன. எலும்பின்மேல் தோலைப் போர்த்தியது போன்ற அமைப்பு அது.

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் துரு பிறக்கிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் இவ்வினை மேலும் விரைவாக நடக்கும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பு நீர் சக்கரங்களால் தெறித்து, அடிச்சட்டத்தின் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. மேலிருந்தும் ஆபத்து உண்டு. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள இரப்பர் பட்டை காலப்போக்கில் காய்ந்து வெடிக்கிறது. அதன் வழியே கசியும் மழைநீர், கூண்டின் தூண்களுக்குள் இறங்கி, ஓட்டுநரின் கால் வைக்கும் பகுதிக்கு அருகே தேங்குகிறது.

துருவுக்கு ஒரு தீய குணம் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அலுமினியத்தின்மேல் உண்டாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, புதிய இரும்பை நீருக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் துரு வளர்ந்தால், அது ஆப்பு அடித்ததுபோல் அத்தகடுகளைப் பிரித்துவிடும். எஃகின்மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி இழையும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். ஆகவே, உடலின் மேற்பரப்பில் தெரியும் சிறு வெடிப்பு, சில வேளைகளில் உள்ளே நடக்கும் பெரிய அழிவின் அறிகுறியாக இருக்கிறது.

முதலில் நோயை அறிதல்

எஃகு உடல் கொண்ட பழைய மகிழுந்தை வாங்குவோர் சிறிய காந்தம் ஒன்றை எடுத்துச் செல்வதுண்டு. துருத் துளைகளைப் பட்டியால் நிரப்பி வண்ணம் பூசியிருந்தால், அவ்விடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. கோர்வெட்டில் இந்த உத்தி பலிக்காது. அதன் வெளியுடலில் எங்குமே காந்தம் ஒட்டாது. எனவே, கைவினைஞர்கள் வேறு தடயங்களைத் தேடுகிறார்கள்.

தரை விரிப்பைத் தூக்கி, அடியில் ஈரமோ பழுப்புக் கறையோ உள்ளதா என்று பார்க்கிறார்கள். கால் வைக்கும் பகுதியின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே துருப் பொருக்குகள் குவிந்துள்ளனவா என்று விளக்கடித்துப் பார்க்கிறார்கள். கதவை மூடி, அதனைச் சுற்றியுள்ள இடைவெளியை அளக்கிறார்கள். மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருந்தால், கூண்டோ அடிச்சட்டமோ தொய்ந்திருக்கக்கூடும். கூரிய ஊசி போன்ற கருவியால் எஃகைக் குத்திப் பார்க்கிறார்கள். நல்ல எஃகு ‘ணங்’ என்று ஒலிக்கும். துரு தின்ற எஃகு ஓசையின்றி உள்வாங்கும்.

பழைய வண்ணப்பூச்சை நீக்கும்போதும் கவனம் வேண்டும். எஃகின்மேல் பயன்படுத்தும் கடுமையான வேதிக் கரைசல்கள் கண்ணாடி இழையின் பிசினையும் தின்றுவிடக்கூடும். மணலை விசையுடன் வீசித் துருவை அகற்றும் முறையும் இழைப் பலகையைச் சிதைத்துவிடும். ஆகையால், பலர் உப்புத்தாளைக் கொண்டோ மெல்லிய அலகைக் கொண்டோ கையால் சுரண்டி எடுக்கிறார்கள். பல நாள்கள் பிடிக்கும் வேலை அது. ஆனால், பழைய பூச்சு நீங்கும்போது அம்மகிழுந்தின் வரலாறே வெளிப்படுகிறது. முன்பு எங்கு மோதியது, எவர் அவசரமாகப் பட்டி பூசி மறைத்தார், எந்தப் பலகை பின்னாளில் மாற்றப்பட்டது என்பன எல்லாம் தெரிந்துவிடும்.

எலும்பைச் சீர்செய்தல்

உடலைத் தொடுவதற்கு முன்பு எலும்பைச் சரிசெய்ய வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. கூண்டு தொய்ந்த நிலையில் உடலைப் பழுதுபார்த்தால், பின்னர்க் கூண்டை நிமிர்த்தும்போது புதிய இழைப் பலகை மீண்டும் வெடிக்கும்.

துருப்பிடித்த தூணை வெட்டி எடுப்பதற்கு முன்னர், கதவு வாயிலில் குறுக்காக எஃகுக் கம்பிகளைப் பொருத்துகிறார்கள். இல்லாவிட்டால், தாங்கும் தூணை இழந்த உடல் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்தச் சில மில்லிமீட்டர், பிறகு கதவு மூடாமல் போவதற்குப் போதுமானது. குறுக்களவுகளை எடுத்துக் குறித்துக்கொண்ட பிறகே வெட்டத் தொடங்குகிறார்கள். துரு தெரியும் இடத்தோடு நிற்காமல், பளிச்சிடும் நல்ல எஃகு தெரியும் வரை வெட்டுகிறார்கள். சிறிதளவு துருவை மிச்சம் வைத்து அதன்மேல் புதிய தகட்டைப் பற்றவைத்தால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் அதே வேலையைச் செய்ய வேண்டிவரும்.

பற்றவைக்கும்போது எழும் வெப்பம், அருகில் உள்ள கண்ணாடி இழையைக் கருக்கிவிடும். எனவே, அவ்விடத்தில் உள்ள இழைப் பலகையை முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். பிரிக்க இயலாத இடங்களில் ஈரத்துணியால் மூடி, சிறிது சிறிதாகப் பற்றவைத்து ஆறவிடுகிறார்கள். மேற்பரப்பில் மட்டும் துருப்பிடித்து, உள்ளே வலுவாக உள்ள எஃகை வெட்ட வேண்டியதில்லை. அதனைச் சுரண்டித் தூய்மைப்படுத்தி, பாஸ்ஃபாரிக் அமிலம் கலந்த கரைசலைப் பூசினால், எஞ்சிய துரு இரும்பு பாஸ்ஃபேட்டாக மாறி நிலைபெறும்.

இறுதியாக, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சைப் பூசுகிறார்கள். துத்தநாகம் இரும்பைவிட விரைவாக வினைபுரியும் தன்மையுடையது. கீறல் விழுந்து நீர் புகுந்தாலும், முதலில் துத்தநாகமே தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். தூண்களின் உட்புறத்தில் மெழுகைப் பீய்ச்சி நீர் தங்காதவாறு செய்கிறார்கள். முன்கண்ணாடியின் பழைய இரப்பர் பட்டையையும் மாற்றுகிறார்கள். அதனை மாற்றாமல் விட்டால், ஓட்டைக் கூரையை அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு ஒப்பாகும்.

இழையை இணைத்தல்

எஃகு மோதலில் நசுங்கும்; தட்டி நிமிர்த்தலாம். கண்ணாடி இழை நசுங்காது. வெடிக்கும், கிழியும், நொறுங்கும். வண்ணப்பூச்சில் மட்டும் உள்ள மெல்லிய வெடிப்பையும், இழையின் ஊடாகச் செல்லும் வெடிப்பையும் பிரித்தறிவது முதற்படி. பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் இது புலப்படும். வெடிப்பின் முனையில் சிறு துளையிட்டால், அது மேலும் நீளாமல் தடுக்கலாம். வெடிப்பின் கூரிய முனையில் குவியும் விசையை வட்டத் துளை பரவலாக்கிவிடுகிறது.

அடுத்து, வெடிப்பின் இருபுறமும் பலகையைச் சரிவாகத் தேய்க்கிறார்கள். இந்தச் சரிவு குறுகலாக இருக்கக்கூடாது. பலகையின் கனத்தைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு அகலத்தில் அது விரிந்திருப்பது நல்லது. அதாவது, 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டும். வெடிப்பே ஒரு கோட்டளவுதான் இருக்கும்போது, நல்ல பகுதியையும் இவ்வளவு தேய்ப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால், பழைய இழையும் புதிய இழையும் ஒட்டிக்கொள்ளும் பரப்பு அதிகமானால்தான் இணைப்பு வலுப்பெறும். வெடிப்பில் பட்டியை மட்டும் அடைத்து மூடினால், சாலையின் அதிர்விலேயே அது மீண்டும் பிளந்துவிடும்.

தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பின்னர், இழைப் பாயைச் சிறியதும் பெரியதுமாகப் பல துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள். பாலியெஸ்டர் பிசினோடு அதனைக் கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலக்கிறார்கள். இத்திரவம் பெரும்பாலும் பிசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரையே தேவைப்படும். குறைந்தால் பிசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கூடினால் இழையில் பூசுவதற்கு முன்பே கிண்ணத்தில் இறுகிவிடும். கலந்த பிசின் வெப்பத்தை வெளியிடுவதால், ஒரே கிண்ணத்தில் அதிக அளவில் கலந்து வைத்தால் அது புகையத் தொடங்கும் ஆபத்தும் உண்டு.

பிசினில் தோய்ந்த இழைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவில் படியவைத்து, சிறிய உருளையால் அழுத்தி உருட்டுகிறார்கள். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றவே இவ்வாறு செய்கிறார்கள். ஒரு குமிழி எஞ்சினாலும், பின்னாளில் வெயில் பட்டு அது விரிந்து வண்ணப்பூச்சைக் கொப்புளிக்கச் செய்யும். அடிப்பக்கத்திலும் இழைப் பாயை ஒட்டி வலுவூட்டுகிறார்கள்.

எல்லாக் கண்ணாடி இழையும் ஒரே வகையன்று என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். கோர்வெட் தயாரிப்பில் 1970-களில், பிசினும் இழையும் முன்னரே கலக்கப்பட்ட தாள்களை வெப்பத்தோடு அச்சில் அழுத்தி எடுக்கும் முறை வந்தது. அப்பலகைகள் அச்சில் ஒட்டாமலிருக்க, அவற்றின் கலவையிலேயே வழுவழுப்பூட்டும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அச்சில் ஒட்டாத பலகையில் சாதாரணப் பாலியெஸ்டர் பிசினும் நன்றாக ஒட்டாது. ஆகவே, அவற்றுக்கு எபாக்சி போன்ற வலிமை மிக்க பிசினைப் பயன்படுத்துகிறார்கள். பொருளை அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு, நாளடைவில் புதிய பழுதாகிவிடும்.

இணைத்த இடம் முழுமையாக இறுகும் வரை பொறுத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே. மேலே கெட்டியானதாகத் தோன்றினாலும், பிசின் பல நாள்களுக்கு உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும். இறுக இறுகச் சிறிது சுருங்கும். அவசரப்பட்டு வண்ணம் பூசினால், சில மாதங்களில் பழைய வெடிப்பின் தடம் மேற்பரப்பில் கோடாகத் தெரியும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழி இவ்வேலைக்கு மிகவும் பொருந்தும்.

உடலைச் சீர்செய்வோரின் உடல்

மகிழுந்தைக் காப்பதற்காக மனிதர் தம் உடலைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும், மூச்சுக்குழாயை உறுத்தும். பாலியெஸ்டர் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் தரவல்லது. கெட்டிப்படுத்தும் திரவம் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்குக் கேடு விளையலாம்.

எனவே, தகுந்த வடிகட்டி பொருத்திய முகக்கவசம், கண்காப்பு, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும். பிசின் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறக்கூடும் என்பதால், அவற்றைப் பிரித்துக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். இவ்விதிகளைப் பின்பற்றுவது அச்சத்தின் அடையாளமன்று, தேர்ச்சியின் அடையாளமாகும்.

எதை மீட்பது, எதை விடுவது?

பௌலிங் கிரீனில், பள்ளத்தின் சுவர்களை உறுதிப்படுத்திய பிறகு, 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீட்புப் பணி தொடங்கியது. முதலில் தூக்கப்பட்டது ‘புளூ டெவில்’ எனப்படும் 2009-ஆம் ஆண்டு நீலக் கோர்வெட். அதன் இயந்திரத்தை முடுக்கியபோது அது இயங்கியது. சுற்றியிருந்தோர் வியக்க, தன் வலிமையாலேயே நகர்ந்தும் சென்றது. ஏப்ரல் மாதம் இறுதியாக வெளிவந்த 2001-ஆம் ஆண்டு மகிழுந்தோ, மகிழுந்து என்று அடையாளம் காணவும் அரிதான நிலையில் இருந்தது.

எட்டையும் சீரமைத்துத் தருவதாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் அறிவித்திருந்தது. ஆனால், வெளியே எடுத்து ஆராய்ந்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. சில மகிழுந்துகள் கற்களுக்கும் கற்காரைக்கும் இடையில் சிக்கி முற்றாக நசுங்கியிருந்தன. அவற்றைச் சீரமைக்க முற்பட்டால், ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். அவ்வாறு செய்தால் கிடைப்பது பழைய மகிழுந்தாக இருக்குமா, அல்லது பழைய பெயரைத் தாங்கிய புதிய மகிழுந்தாக இருக்குமா?

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மூன்றை மட்டும் சீரமைப்பது என்று முடிவானது. ‘புளூ டெவில்’ அவற்றுள் முதலாவது. 1992-ஆம் ஆண்டின் பத்து இலட்சமாவது கோர்வெட் மிச்சிகனில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புக் கூடத்தில் சீரமைக்கப்பட்டு, 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மக்கள்முன் வைக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டுக் கறுப்புக் கோர்வெட் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், அதாவது தரை பிளந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, முழுமை பெற்றது.

பத்து இலட்சமாவது கோர்வெட்டைப் பிரித்தபோது கைவினைஞர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். அதன் உட்பலகைகளுக்குப் பின்னாலும் பாகங்களின் மறைவான பக்கங்களிலும் கையொப்பங்கள் இருந்தன. 1992-இல் அம்மகிழுந்தை உருவாக்கிய தொழிலாளர்கள், எவர் கண்ணிலும் படாத இடங்களில் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். அதன் பிறகு வேலையின் போக்கே மாறியது. எளிதாக மாற்றிவிடக்கூடிய பாகத்தையும், அதில் கையொப்பம் இருந்தால் தூக்கி எறியாமல் பழுதுபார்த்தார்கள். எவ்வகையிலும் காப்பாற்ற இயலாத பாகத்தில் இருந்த கையொப்பத்தைப் படியெடுத்துப் புதிய பாகத்தில் பதித்தார்கள். பளபளப்பான புதிய பாகத்தைவிட, பெயர் தாங்கிய பழைய பாகம் மதிப்புமிக்கது என்று அவர்கள் கருதினார்கள்.

எஞ்சிய ஐந்து மகிழுந்துகள், குழியிலிருந்து எடுக்கப்பட்ட நிலையிலேயே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. கிழிந்த இழைப் பலகைகளையும் முறுக்கிய எஃகையும் இன்றைய பார்வையாளர் நேரில் காணலாம். வண்ணப்பூச்சு மறைத்துவைக்கும் உள்ளமைப்பை அவை மறைக்காமல் காட்டுகின்றன. நன்கு சீரமைக்கப்பட்ட ஒரு மகிழுந்து எத்தகைய உழைப்பால் உருவானது என்பதை, அதன் அருகில் நிற்கும் சீரமைக்கப்படாத மகிழுந்து சொல்லாமல் சொல்கிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

சீரமைப்பு என்பது பழையதைப் புதிதுபோல் காட்டும் ஒப்பனை அன்று. துருவின் மேல் பட்டி பூசி வண்ணம் அடித்தவரும் மகிழுந்தை அழகாகவே காட்டுவார். சில ஆண்டுகளுக்கு எவரும் வேறுபாட்டை அறியமாட்டார். ஆயினும், அம்மகிழுந்தில் நம்பிக்கையோடு அமர்ந்து செல்பவரின் உயிரை அந்த எஃகுத் தூண்தான் தாங்க வேண்டும். மோதல் நேரும் நொடியில் வண்ணப்பூச்சு துணைக்கு வராது.

நல்ல கைவினைஞரின் வேலையில் பெரும்பகுதி, முடிந்த பிறகு வெளியே தெரிவதில்லை. வெட்டிப் பொருத்திய தூணை இழைப் பலகை மூடிவிடும். 36 மில்லிமீட்டர் சரிவை வண்ணம் மறைத்துவிடும். உள்ளே பீய்ச்சிய மெழுகை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. ஆனால், என்றோ ஒருநாள் வேறொரு கைவினைஞர் அந்தப் பலகையைக் கழற்றி, விளக்கடித்து உள்ளே பார்ப்பார். அன்று அவர் காணப்போவது துருப் பொருக்குகளின் குவியலையா, தூய்மையான எஃகையா என்பதை இன்று வேலை செய்பவரே தீர்மானிக்கிறார்.